குழந்தை பிறந்ததை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்

கணவர் கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்), மனைவி ஊரில், அவரை அங்கே அழைத்துக்கொள்ளும் ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில், இதற்கிடையே கர்ப்பம். இந்த நிலையில் இருக்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "குழந்தை விஷயத்தை இப்போது சொல்ல வேண்டாம், உங்கள் விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று உங்கள் ஏஜென்ட் சொன்னால், அன்றே ஃபைலை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் டொராண்டோவில் அலுவலகம் வைத்திருந்த தமிழர். பேச்சில் தேன் சொட்டும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது நான் நான்கு மாதக் கர்ப்பிணி. அந்தப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேவும் உண்டே, என்ன செய்வது என்று கேட்டேன். "கர்ப்பம் என்று தெரிந்தால் ஃபைலை ஓரம்கட்டிவிடுவார்கள் தங்கச்சி. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு எக்ஸ்ரேயில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார். வயிற்றில் இருந்தது அவருடைய பிள்ளை இல்லையே.

பரிசோதனை மையத்தில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே கடைசி மாதவிலக்கு எப்போது என்பதுதான். உண்மையைச் சொன்னேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை, விரட்டவும் இல்லை. கர்ப்பிணிகள் எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதுவரை முடிவு தள்ளிப்போகும், அதற்காக விண்ணப்பத்தை நிராகரிக்க மாட்டார்கள் என்று விளக்கிவிட்டுப் படிவத்தில் குறித்துக்கொண்டார். இரண்டு நிமிட வேலை.

குழந்தை பிறந்ததும் அந்த ஏஜென்ட் 'அண்ணனின்' அடுத்த யோசனை வந்தது. "இந்த ஃபைலில் குழந்தையைச் சேர்த்தால் தாமதமாகும். நீங்கள் முதலில் வந்துவிடுங்கள். குழந்தையை அப்பா தனியாக ஸ்பான்சர் செய்யட்டும்." அதற்குப் புதிய ஃபைல், 2,000 டாலர், பாதி முன்பணம். என் கணவர் அந்தப் பாதியைக் கட்டியும்விட்டார்.

இதில் விஷமே அந்தப் பாதி உண்மைதான். குழந்தை பிறக்கும் முன்பே பி.ஆர். வாங்கிவிட்ட அப்பா, பிறகு தனியாக ஸ்பான்சர் செய்ய முடியும். ஆனால் குழந்தை இருப்பதை மறைத்துவிட்டுக் கனடாவில் இறங்கும் அம்மாவின் கதை வேறு. குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி அது உண்மையை மறைத்த குற்றச்சாட்டில் முடியலாம். நிரூபணமானால் 5 ஆண்டுத் தடை. கையில் இருக்கும் பி.ஆர். கூடப் பறிபோகலாம். விதிமுறைகளின் 117(9)(d) என்ற உட்பிரிவு இன்னொரு கண்ணி: தன் விண்ணப்பத்தில் காட்டாத, பரிசோதனைக்கு உட்படுத்தாத பிள்ளையை அந்த அம்மா பின்னால் குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்வதை அது தடுக்கிறது. விசா கைக்கு வந்த பிறகு, விமானம் ஏறும் முன் குழந்தை பிறந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். இவை எதுவும் தெரியாமல் அவர் பேசியதாக நான் நினைக்கவில்லை. பழைய ஃபைலிலேயே குழந்தையைச் சேர்த்துவிட்டால் புதிய ஃபைலுக்குக் காசு ஏது?

சந்தேகம் வந்து, என் கணவர் 5 டாலர் கட்டித் தகவல் அறியும் மனு போட்டு எங்கள் ஃபைல் குறிப்புகளை வரவழைத்தார். பிரதிநிதி என்ற இடம் காலியாக இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் யாராக இருந்தாலும் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் பெயரைக் காட்ட வேண்டும். இவர் காட்டவே இல்லை. என் பெயரோடு ஏதோ எண்ணைச் சேர்த்து அவரே ஒரு மின்னஞ்சல் உருவாக்கி, அதையே என் முகவரியாகக் கொடுத்திருந்தார். கடவுச்சொல் அவரிடம். அதாவது அரசாங்கம் எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் படித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் அலுவலகச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்ததை என் கணவர் அருகில் போய்ப் படித்துப் பார்த்தார். ஏதோ பயிற்சி வகுப்பு முடித்ததற்கான சான்றிதழ்.

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வழக்கறிஞர்கள், ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல்கள் (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்கள்), கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற உரிமம் வழங்கும் அமைப்பின் உறுப்பினர்கள் ஆகியோருக்கே அனுமதி. 2021 நவம்பரிலிருந்து ஆலோசகர்களை ஒழுங்குபடுத்துவது அந்தக் கல்லூரிதான். அதன் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் ஆள் அதில் இல்லை.

பிறகு நாங்களே செய்தோம். இணையப் படிவம் வழியாகக் குழந்தை பிறந்ததைத் தெரிவித்து, மின்னஞ்சல் முகவரியை மாற்றி, பிறப்புச் சான்றிதழை அனுப்பினோம். குழந்தைக்கான அரசுக் கட்டணம் அப்போது 175 டாலர். கைக்குழந்தைக்கு எக்ஸ்ரே கிடையாது, டாக்டர் பார்த்து அனுப்பிவிடுவார். இந்தியாவில் பிரசவிப்பவர்கள் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவுசெய்துவிடுங்கள். சான்றிதழில் குழந்தையின் பெயரையும் உடனே ஏற்றிவிடுங்கள், பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

கணவர் கனடாவில் பிறந்தவர் அல்லது அங்கே குடியுரிமை வாங்கியவர் என்றால் நிலைமையே வேறு. அதற்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் அவருடைய குழந்தை பிறக்கும்போதே கனடியக் குடிமகன். அந்தக் குழந்தைக்கு ஸ்பான்சர் தேவையே இல்லை, குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் போதும். ஆனால் அம்மாவின் விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும். இவர்களிடமும் 'குழந்தை ஸ்பான்சர்' என்று சொல்லிப் பணம் கறப்பவர்கள் உண்டு.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ரசீது வைத்திருக்கிறீர்களா?" என்றார். தங்கச்சியெல்லாம் போய்விட்டது. ரசீது அவர் கொடுக்கவில்லை, ஆனால் வங்கிப் பரிமாற்றம் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அதையும், எக்ஸ்ரே பற்றி அவர் அனுப்பிய குரல் செய்தியையும் இணைத்துக் கல்லூரிக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம்.