நாலெழுத்தில் நம்மை அறிமுகம் செய்துகொள்வது: எம்பிடிஐ நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஊர், படிப்பு, வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா. நம்மூரில் புதிதாக ஒருவரிடம் அறிமுகமானால் பேச்சு இந்த வரிசையில்தான் போகும். நாலுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகும் நாம் எப்படிப்பட்ட ஆள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. "எந்த ஊர்ப் பக்கம்?" என்ற கேள்வி ஊரை மட்டும் கேட்பதில்லை என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஒத்த குணமுள்ளவர்கள் இணையத்தில் கூடுகிற குழுக்களில் இந்த வரிசையை ஓரங்கட்டியது எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்) என்கிற குணத் தேர்வு தரும் நாலெழுத்து. ஐஎன்எஃப்பி என்றோ இஎஸ்டிஜே என்றோ சொல்லிவிட்டு, சொந்த ஊரும் சம்பளமும் சொல்லாமலே ஒருவர் பேசத் தொடங்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இது மதிக்க வேண்டிய கருவி. ஆனால் பெரும்பாலானவர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். நாலெழுத்தைச் சொன்னதும் அறிமுகம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகு எழுதும் ஐந்தாறு வரிகள்தான் அறிமுகம்.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட குண வகைகள் பற்றிய நூலிலிருந்து இது கிளைத்தது. அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்பவரும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதைக் கேள்வித்தாளாக மாற்றினார்கள். இருவருமே முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர். 1962-இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற அமெரிக்கத் தேர்வு நிறுவனம் இதை அச்சிட்டது. நாலு இணைகள்: தெம்பு தனிமையில் கிடைக்கிறதா, ஆட்களோடு இருக்கும்போதா (ஐ, இ). கண்முன் இருக்கும் விவரம் முதலில் படுகிறதா, அதன் பின்னால் இருக்கும் வடிவமா (எஸ், என்). முடிவெடுக்கும்போது தர்க்கம் முந்துகிறதா, ஆட்களுக்கு என்ன ஆகும் என்பது முந்துகிறதா (டி, எஃப்). காரியம் முடிவாகிவிட்டால் நிம்மதியா, திறந்தே இருந்தால் நிம்மதியா (ஜே, பி). இரண்டை நாலு முறை பெருக்கினால் 16 வகை.

அதிகாரபூர்வத் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அதில் பரவலாகப் புழங்கிய 'எம்' படிவத்தில் 93 கேள்விகள். இணையத்தில் எல்லோரும் எழுதுவது 16பெர்சனாலிட்டீஸ் என்னும் இலவசத் தேர்வு: 60 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒப்புதலிலிருந்து மறுப்பு வரை ஏழு வட்டங்கள், மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். இலவசத் தேர்வு நாலெழுத்தோடு ஏ அல்லது டி என்று ஒரு வாலையும் ஒட்டுகிறது. இந்த டி தர்க்கத்துக்கான டி அல்ல. இந்த வால் காட்டுவது மனம் எவ்வளவு எளிதில் கலங்கும் என்பதை. மையர்ஸ் வகுத்த முறையில் அது கிடையாது. அதிகாரபூர்வ முடிவில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் வரும் எண், அந்த எழுத்து உங்களுக்கு எவ்வளவு தெளிவாகப் பொருந்துகிறது என்பதை மட்டும் சொல்கிறது. நீங்கள் எவ்வளவு 'அதிக' இன்ட்ரோவர்ட் (ஐ வகை) என்பதற்கு அது அளவுகோல் அல்ல.

தமிழர்கள் இந்தத் தேர்வை எழுதும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் முடிவு பிசகுகிறது. கேள்விகள் எல்லாம் வேறொரு வாழ்க்கை முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. "புதியவர்களிடம் நீங்களாகவே போய்ப் பேசுவீர்களா?" என்று கேட்டால், பெரியவர்கள் பேசும்வரை காத்திருக்கப் பழக்கப்பட்ட பிள்ளை 'இல்லை' என்று போடும். அது மரியாதை, இன்ட்ரோவர்ட் குணம் அல்ல. மறுபக்கம், கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி இலை போட்டு, சாம்பார் வாளியோடு ஓடி, நானூறு பேரிடம் "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்று கேட்டு வருபவர் 'கூட்டம் பிடிக்கும்' என்று போடுவார். பந்தி முடிந்து மொட்டை மாடியில் போய்த் தனியாக உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும் என்பதைக் கேள்வி கேட்கவே இல்லை. கையில் வேலை இருந்தால் எந்த இன்ட்ரோவர்ட்டும் கூட்டத்தில் சமாளிப்பார். ஜே, பி இணையிலும் இதே சிக்கல். அம்மா அலமாரியை அடுக்கி வைக்கிற வீட்டில் இருப்பவர் தன்னை ஒழுங்கானவர் என்று நம்பிக்கொண்டிருப்பார். ஹாஸ்டலுக்கோ வாடகை அறைக்கோ போன பிறகுதான் உண்மையான எழுத்து தெரியும்.

இதற்குத் தீர்வு: ஒவ்வொரு வாக்கியத்துக்கும், யாரும் எதுவும் எதிர்பார்க்காத ஒரு நாளில் என்ன செய்வீர்கள் என்று நினைத்துப் பதில் போடுங்கள். பரீட்சை, வேலை தேடல், வீட்டில் துக்கம் என்று மனம் அழுந்திக் கிடக்கும் வாரத்தில் எழுதாதீர்கள். சோர்ந்திருப்பவர் எல்லோருமே அந்த வாரத்தில் இன்ட்ரோவர்ட்தான். நாலு முதல் ஆறு வாரம் விட்டு இன்னொரு முறை எழுதி, இரண்டு முடிவுகளின் சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள். மறுமுறை எழுதும்போது கணிசமானவர்களுக்கு ஒரு எழுத்தாவது மாறுகிறது என்பது இந்தத் தேர்வின்மீது ஆய்வாளர்கள் வைக்கும் பழைய குற்றச்சாட்டு. காரணம் எளிது. 51 சதவீதமும் 95 சதவீதமும் ஒரே எழுத்தாக அச்சாகின்றன. 51-இல் நிற்பவர் ஒரு கேள்விக்கு வேறு வட்டத்தைத் தொட்டாலே கோட்டைத் தாண்டிவிடுவார். ஆகவே 45-க்கும் 55-க்கும் நடுவில் நிற்கும் எழுத்துக்குப் பதில் எக்ஸ் போடுவது குழுக்களில் வழக்கம்: ஐஎன்எக்ஸ்பி, எக்ஸ்என்டிஜே என்பது போல. புதிதாக வருபவர்கள் இப்படிப் போடத் தயங்குகிறார்கள். ஏதோ தேறாத மதிப்பெண் போலத் தோன்றுகிறது போலும். ஆனால் எக்ஸ் போட்டவர்களிடம்தான் நல்ல உரையாடல் தொடங்குகிறது. "எந்த விஷயத்தில் டி, எந்த விஷயத்தில் எஃப்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

ஓரெழுத்து மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். எஸ், என், டி, எஃப் நாலையும் உள்நோக்கியது (ஐ), வெளிநோக்கியது (இ) என்று பிரித்து வரும் எட்டு மனச் செயல்பாடுகளை வைத்துப் பேசும் குழுக்களில் அது மிகப் பெரிய வித்தியாசம். அவர்கள் கணக்கில் ஐஎன்எஃப்ஜே ஆளுக்கு என்ஐ, எஃப்இ, டிஐ, எஸ்இ என்று வரிசை. ஐஎன்எஃப்பி ஆளுக்கு எஃப்ஐ, என்இ, எஸ்ஐ, டிஇ. கடைசி எழுத்து ஒன்று மாறியதும் நாலில் ஒன்றுகூடப் பொதுவாக இல்லாமல் போகிறது. அப்படிப்பட்ட குழுவில் சேரும்போது "தேர்வில் வந்தது இது, செயல்பாடுகளை இன்னும் படிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பாதி சண்டை வராது.

இனி அறிமுகம். 60 முதல் 120 சொல் போதும். போனில் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். எது உறுதி, எது ஊசலாடுகிறது என்ற குறிப்போடு எழுத்துகள், இப்போது மனத்தைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு விஷயம், எப்படிப் பேசுவீர்கள், எப்படிக் கூப்பிட வேண்டும், கடைசியில் மற்றவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இப்படி:

"வணக்கம். ஐஎன்எக்ஸ்பி. ஐ உறுதி, டியா எஃப்பா என்பது நாளுக்கு நாள் மாறும். கல்வெட்டுகளில் வரும் நில அளவுகளைத் தேடிப் படிக்கிறேன். குழி என்பது ஊருக்கு ஊர் ஏன் வேறு வேறு அளவில் இருக்கிறது என்பதில் இப்போது சிக்கியிருக்கிறேன். எழுத்தில் நிறையப் பேசுவேன், வாய்ஸ் கால் வராது. பதில் வர இரண்டு நாள் ஆகலாம், கோபம் என்று நினைக்க வேண்டாம். நீங்க என்றே பேசலாம், பழகினால் நீ. மா, குழி கணக்கில் நிலத்தைச் சொல்பவர்கள் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?"

இதில் வேலை செய்வது குழி. நாலெழுத்தைப் பார்த்து யாரும் பதில் எழுதுவதில்லை. 'வாங்க, வாங்க' என்று ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "புத்தகம், இசை, பயணம் பிடிக்கும்" என்று எழுதினாலும் அதேதான், ஏனென்றால் அது பிடிக்காதவர் யாரும் அங்கே இல்லை. குழி என்று எழுதியவருக்கு மட்டும் "எங்க தாத்தா சொல்வார், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி" என்று ஒருவர் வருவார். எவ்வளவு குறுகலான விஷயமோ அவ்வளவு நீளமாகப் பேச்சு ஓடும். ரசனை ஒத்துப்போகுமா என்பதும் அங்கேதான் தெரியும்.

எப்படிப் பேசுவீர்கள் என்ற வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குழுக்களில் மனஸ்தாபம் பெரும்பாலும் இதனால்தான். தாமதமான பதிலை ஒருவர் அலட்சியம் என்கிறார், அடுத்தவர் யோசித்து எழுத நேரம் எடுத்ததாகச் சொல்கிறார். கூப்பிடும் முறையும் அப்படியே. வயது தெரியாத இடத்தில் அண்ணா, அக்கா, தம்பி எல்லாமே தடுக்கும். 'ப்ரோ' என்று பெண்ணையும் அழைத்து வைப்பார்கள். முதல் நாளே சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

எழுதக்கூடாதவை: முழுப் பிறந்த தேதி, வேலை செய்யும் இடம், பள்ளி, கல்லூரிப் பெயர், வீடு இருக்கும் தெரு. ஒத்த மனமுள்ளவர்கள் என்ற நெருக்கத்தில் சீக்கிரம் மனம் திறந்துவிடும், அதைப் பயன்படுத்திக்கொள்பவர்களும் அங்கே இருப்பார்கள். "நீயும் ஐஎன்எஃப்ஜேவா, நம்மைப் போல அபூர்வமானவங்களை யாருக்கும் புரியாது" என்று தனிச் செய்தியில் தொடங்குபவரிடம் கூடுதல் கவனம் தேவை.

அபூர்வம் என்ற பேச்சுக்கு ஒரு விளக்கம். அமெரிக்க மக்கள்தொகை மாதிரியில் ஐஎன்எஃப்ஜே சுமார் 1.5 சதவீதம்தான், 16 வகைகளில் மிகக் குறைவு. ஐஎஸ்எஃப்ஜே 13.8 சதவீதத்தோடு முதலிடம். ஆனால் இணையக் குழுக்களில் நிலைமை தலைகீழ். ஐஎன் என்று தொடங்கும் நாலு வகையினர் குவிந்து கிடப்பார்கள், ஐஎஸ்எஃப்ஜேக்களைத் தேட வேண்டியிருக்கும். தன் மனத்தைப் பற்றித் தானே எழுதியும் படித்தும் மகிழ்பவர்கள்தானே இப்படிப்பட்ட இடத்துக்கு வருவார்கள்! ஆகவே அறிமுகத்தில் 'அரிய வகை' என்று போட்டுக்கொள்வதால் பயன் எதுவும் இல்லை.

நீண்டகாலம் புழங்கும்போது வெளிப்படும் குறை ஒன்று உண்டு, முதல் ஆறு மாதத்தில் அது கண்ணில் படாது. எந்த வாக்கியம் எந்த எழுத்தை அளக்கிறது என்பது பழகப் பழகத் தெரிந்துவிடும். பிறகு எத்தனை முறை எழுதினாலும் நாம் நம்பும் எழுத்தே வரும். வகையின் வருணனையைப் படித்துப் படித்து அதற்கேற்ப நடக்கவும் தொடங்குகிறோம். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே வருணனையைக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. தனக்கென்றே எழுதியது என்று நம்பிய மாணவர்கள் பொருத்தத்துக்குக் கொடுத்த சராசரி, ஐந்துக்கு 4.26. 'வெளியே அமைதி, உள்ளே ஆழம்' என்ற வருணனை யாருக்குத்தான் பொருந்தாது? அதனால் உங்கள் வகையோடு பக்கத்து இரண்டு வகைகளின் வருணனையையும், வகையின் பெயரை மறைத்து, உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எதை எடுக்கிறார் என்பது நாமே எழுதும் பத்தாவது தேர்வைவிட மதிப்புள்ளது.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஐபிஐபி-நியோ என்ற இலவசத் தேர்வு. 120 கேள்விகள், ஐந்து பெருங்குணங்கள், அவற்றுக்குள் 30 உட்குணங்கள். வகைக்குள் அடைக்காமல் அளவாகச் சொல்கிறது. மனம் கலங்கும் தன்மை எம்பிடிஐ முறையில் இல்லை, இதில் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் நம்புவதும் இந்த ஐந்து குண முறையைத்தான். ஆனால் 30 எண்களைச் சொல்லி யாரிடமும் அறிமுகமாக முடியாது. நண்பர்களைத் தேடப் போகும்போது எம்பிடிஐ, தன்னைத் தானே புரிந்துகொள்ள ஐந்து குணம் என்று வைத்துக்கொள்வது வசதி.

எழுத்தைச் சாக்காக்குவதுதான் குழுக்களைக் கெடுப்பது. "நான் ஐஎன்டிஜே, முகத்துக்கு நேரா பேசிடுவேன்" என்று அறிமுகத்திலேயே எழுதுபவர் வரப்போகும் சண்டைக்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைக்கிறார். இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 'நான் இன்ட்ரோவர்ட்' என்று சொல்லிக்கொண்டு பேசப் பயப்படுபவர்கள் வேறு ரகம், அவர்களிடம் அக்கறை வேண்டும். கூட்டத்துக்குப் போய் வந்தபின் களைத்துப் போவது குணம். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே நெஞ்சு படபடத்து, என்ன நினைப்பார்களோ என்று தூக்கம் கெடுவது பதற்றம். இரண்டாவதற்கு உதவி உண்டு, மருத்துவரிடம் போனால் குறையும். நாலெழுத்துக்குள் அதை ஒளித்து வைத்து வருடக்கணக்கில் அவதிப்படுபவர்கள் இந்தக் குழுக்களில் நிறைய.

வேலைக்கான விண்ணப்பத்தில் இந்த எழுத்தைப் போடாதீர்கள். ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. வரன் பார்க்க ஜாதகத்தோடு இதையும் சேர்ப்பவர்களுக்கும் அதே பதில்.

அறிமுகத்தை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். எழுத்துகள் அப்படியே இருக்கலாம், குழி போய் வேறொன்று வந்திருக்கும். புதிதாக ஒருவர் வந்து அறிமுகம் எழுதினால் அவர் வகையைப் பற்றிப் பேசாமல், அவர் குறிப்பிட்ட விஷயத்திலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எழுத்துகளை மட்டும் போட்டுவிட்டு நின்றிருந்தால் "இந்த வாரம் எதைத் தேடித் தேடிப் படிச்சீங்க?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் பத்து வரிக்குக் குறையாமல் பதில் வரும்.