ஓடை, திரட்டி, டைம்லைன், செய்திமடல்: டெக் செய்தியை எதில் படிப்பது?

டெக் செய்தி படிக்க எது நல்ல வழி என்று யாராவது கேட்டால், நான் இரண்டு சம்பவங்களை உரைகல்லாக எடுத்துக்கொள்வேன். ஒன்று நிஜமான ஆபத்து. மற்றது புஸ்ஸென்று போன பரபரப்பு.

முதலாவது 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் நூல் பிடித்துப் போனார். லினக்ஸ் இயங்குதளக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலுக்குள் யாரோ ஒளித்துவைத்திருந்த பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, அகப்பட்டது. அதைச் செருகிய ஆசாமி, இரண்டு வருடத்துக்கு மேல் அந்தத் திட்டத்தில் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருந்தார்.

இரண்டாவது 2023 ஜூலையில் வந்த எல்கே-99. அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் வேலை செய்யும் மீகடத்தியை, அதாவது மின்தடையே இல்லாத பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர், ஆய்வு இதழ்களுக்கு முன்பே கட்டுரைகளைப் போடும் ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரை ஏற்றினார்கள். காந்தத்தின் மேல் கரித்துண்டு மாதிரி ஒன்று ஒரு பக்கமாக எழும்பி நிற்கும் வீடியோவும் கிளம்பியது. ஆகஸ்ட் நடுவிலேயே மற்ற ஆய்வகங்கள் சோதித்துப் பார்த்து, இது மீகடத்தி இல்லை என்று காட்டிவிட்டன. மின்தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம், கலப்படமாக உள்ளே இருந்த செம்பு சல்ஃபைடு.

சரி, இந்த இரண்டு செய்திகளும் எந்த வழியில் எப்படி என்னிடம் வந்து சேர்ந்தன?

டைம்லைன்தான் முதலில். வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை. எக்ஸ்இசட் விவகாரம் பாதுகாப்பு வல்லுநர்களின் மடற்குழுவில் விழுந்த சிறிது நேரத்தில் என் டைம்லைனுக்கு வந்துவிட்டது. கூடவே "உலகத்து லினக்ஸ் சர்வர்கள் எல்லாம் காலி" என்ற கூப்பாடும் வந்தது. உண்மையில் பாதிக்கப்பட்டவை 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள்தான். சர்வர்களில் பெரும்பாலும் ஓடும் நிலையான லினக்ஸ் வெளியீடுகளுக்கு அவை அப்போது போய்ச்சேரவே இல்லை. இந்த ஒரு வரி டைம்லைனில் எங்கோ அடியில் கிடந்தது. மேலே மிதந்ததெல்லாம், ஒற்றை மனிதர் இணையத்தைத் தோளில் தாங்கி நிற்கும் மீம்கள். நானும் இரண்டைப் பகிர்ந்தேன், மறுக்கவில்லை.

எல்கே-99 என்றால் டைம்லைனுக்குத் திருவிழா. மிதக்கும் ரயில், சூடாகாத கணினி, இன்னும் என்னென்னவோ. அடுப்படியில் தானே அந்தப் பொருளைச் செய்து பார்க்கக் கிளம்பியவர்களும் உண்டு. ஆனால் அது பொய்த்துப்போன கதை என் டைம்லைனுக்கு வரவே இல்லை. வேறு இடத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. "இல்லையாம்" என்ற செய்திக்கு யார் லைக் போடுவார்?

டைம்லைனின் வரிசை அப்படித்தான் அமைகிறது. ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தது. காலவரிசையாக மட்டும் காட்டிக்கொண்டிருந்த ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016இல், நமக்கு எது பிடிக்கும் என்று நிரலே கணித்து அடுக்கும் வரிசைக்கு மாறின. கோபக் குறிக்கும் மற்ற எமோஜிகளுக்கும் லைக்கைப்போல ஐந்து மடங்கு எடையை ஃபேஸ்புக் 2017இல் கொடுக்கத் தொடங்கியது என்பது 2021இல் கசிந்த உள் ஆவணங்களில் வெளியானது. அப்போது உங்களுக்குக் கோபம் வந்தால் அந்தப் பதிவுக்கு ஐந்து மதிப்பெண், பிடித்திருந்தால் ஒன்று. கோபக் குறியின் எடையைப் பிற்பாடு குறைத்தார்கள். இந்த மாதிரிக் கணக்கில் திருத்தச் செய்தி எங்கே தேறும்? முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

ஆனாலும் இணையத்தின் கேலியும் கூத்தும் வேண்டுமென்றால் டைம்லைனை விட்டால் கதியில்லை. ஒரு மீம் பிறந்து, திரிந்து, சலித்துப்போய், கடைசியில் ஏதோ ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கணக்கு அதை எடுத்துப் போட்டுக் கொன்றுவிடும்வரை கூடவே இருந்து பார்க்க முடிவது அங்கேதான். செய்தி என்று நினைக்காமல் தெருமுனை அரட்டை என்று நினைத்துக்கொண்டால் டைம்லைன் மோசமில்லை. மாஸ்டடான் மாதிரி, நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை வந்த நேரப்படியே காட்டும் இடங்களும் இருக்கின்றன. பாதுகாப்புத் துறை ஆட்கள், கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்கள் நிறையப் பேர் அங்கே போய்விட்டார்கள். அமைதியான இடம். சில நாள் அளவுக்கு மீறிய அமைதி.

திரட்டிகள் வேறு ரகம். பல தளங்களின் இணைப்புகளை ஒரே பக்கத்தில் சேர்த்துவைப்பவை அவை, எதை மேலே வைப்பது என்பதைப் பெரும்பாலும் கூட்டம் தீர்மானிக்கிறது. 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட்டில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இணைப்பு விழுந்தால் சின்னத் தளங்களின் சர்வர்கள் படுத்துவிடும், அதற்கு ஸ்லாஷ்டாட் விளைவு என்றே பெயர் வந்துவிட்டது. 2004இல் வந்த டிக், வாசகர்களின் ஓட்டுக்கு விட்டது. 2010 ஆகஸ்டில் தளத்தைத் தலைகீழாக மாற்றியதும் மொத்தக் கூட்டமும் ரெடிட்டுக்கு மூட்டை கட்டியது. கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் தளத்துக்குக் கூட்டம் கொடுத்த பாடம் அது.

நான் அதிகம் போவது 2007இல் பால் கிரஹாம் தொடங்கிய ஹேக்கர் நியூஸ். மேலே ஒரு ஆரஞ்சுப் பட்டை, கீழே முப்பது தலைப்புகள், படம் கிடையாது. இத்தனை வருடத்தில் அதன் முகம் பெரிதாக மாறவில்லை. ஓட்டுகளைச் செய்தியின் வயதால் வகுக்கும் கணக்கு அது. வயது ஏற ஏற எவ்வளவு நல்ல செய்தியும் கீழே இறங்கியே ஆக வேண்டும். அதனால் ஒரே செய்தி நாள் கணக்கில் உச்சியில் உட்கார்ந்திருக்க முடியாது. கணக்கு எளிமையாக இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. நான் யார், நேற்று எதைக் கிளிக்கினேன் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எல்லாருக்கும் ஒரே முதல் பக்கம்.

திரட்டியின் உயிர் பின்னூட்டங்களில் இருக்கிறது. எக்ஸ்இசட் விவகாரம் எனக்கு முழுதாகப் புரிந்தது அங்கேதான். பின்கதவு மூலநிரலில் நேரடியாக இல்லை, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் வைத்த, மனிதர் படிக்க முடியாத இரும குப்பைக்குள் இருந்தது, மூலநிரலை இயங்கும் நிரலாகக் கட்டும்போதுதான் அது வெளியே இழுக்கப்பட்டது என்பதைப் பலர் சேர்ந்து வரிவரியாகப் பிரித்து வைத்தார்கள். எல்கே-99இலும் படிக இயற்பியல் தெரிந்த சிலர் முதல் நாளிலிருந்தே "பொறுங்கள், அந்த வரைபடம் சரியாக இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே உறுதியோடு, ஒன்றும் தெரியாதவர்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எது எது என்று பிரிப்பது வாசகர் பாடு.

மேதாவித்தனம் திரட்டிகளின் பரம்பரை நோய். 2001 அக்டோபரில் ஐபாட் வந்தபோது, வயர்லெஸ் இல்லை, கொள்ளளவு குறைவு, உப்புச்சப்பில்லை என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டார் ஸ்லாஷ்டாட்டை நிறுவிய ராப் மால்டா. அந்த வரி இன்னும் அவரை விடாமல் துரத்துகிறது. 2007இல், கோப்புகளை இணையத்தில் சேமித்து எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல வைக்கும் டிராப்பாக்ஸ் ஹேக்கர் நியூஸில் அறிமுகமானபோது, லினக்ஸ் தெரிந்தவர் இதை எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்றக் கணக்கும் இன்னும் இரண்டு கருவிகளும் வைத்துத் தானே செய்துகொள்ளலாமே என்று ஒருவர் எழுதினார். இன்றுவரை கம்ப்யூட்டர்காரர்களின் அகங்காரத்துக்கு உதாரணமாக அதைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அந்த உரையாடலை முழுதாகப் படித்தால், அவர் நக்கலடிக்கவில்லை. வரப்போகும் விமர்சனங்களை முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், டிராப்பாக்ஸ் நிறுவனரின் பதிலை ஏற்றுக்கொண்டு வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போகிறார். மொத்தத்தையும் படிக்காமல் ஒரு வரியை வெட்டியெடுத்துச் சிரிப்பதுதான் உண்மையான திரட்டி நோய். தலைப்பை மட்டும் படித்துவிட்டு மூன்று பத்தி பின்னூட்டம் எழுதிய பாவம் என் கணக்கிலும் இருக்கிறது.

செய்திமடல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவானது, அதுதான் அதன் அழகு. எக்ஸ்இசட் செய்தியோடு மடல் வந்தபோது நான் பதிப்பை மாற்றியே முடித்துவிட்டேன், பயனில்லை. எல்கே-99இல் நேர் எதிர். மற்ற மூன்று இடங்களிலும் குதித்துக்கொண்டிருந்தபோது, வாரத்துக்கு ஒருமுறை எழுதுபவருக்கு ஆறு நாள் யோசிக்க அவகாசம் இருந்தது. என் பெட்டிக்கு வந்த கட்டுரை நிதானமாக இருந்தது. தொல்லைகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை மடலுக்குள் வைத்து, எப்போது திறந்தோம் என்று வேவு பார்ப்பது சகஜம். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் அந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைத்துக் கணக்கைக் குழப்பிவிட்டது. அப்புறம், சந்தாவை நிறுத்துவது. ஒரு மடலிலிருந்து நான் நான்கு முறை விலகியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "உங்களைப் பிரிவதில் வருத்தம்" என்று ஒரு மடல் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை அடுத்த இதழ் வரும்.

கடைசியாக, என் கட்சி: ஆர்எஸ்எஸ் செய்தியோடை.

1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்துக்காகப் பெற்றுப்போட்ட பிள்ளை அது. சீக்கிரமே கைவிட்டும்விட்டது. 2002இல் 2.0 பதிப்பு வந்தது, 2005இல் ஆட்டம் என்ற பங்காளி வடிவம் தரமாக்கப்பட்டது. வேலை செய்யும் விதம் சிரிப்பு வருமளவுக்கு எளிது. தளத்தின் ஒரு மூலையில், புதிதாக வந்தவற்றின் தலைப்பும் தேதியும் இணைப்பும் அடங்கிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். உங்கள் வாசிப்பான் அவ்வப்போது போய் "ஏதாவது புதுசா?" என்று எட்டிப்பார்க்கும். நடுவில் யாரும் இல்லை. பாட்காஸ்டுகள் பரவியதும் இந்தக் கோப்பின் முதுகில் ஏறித்தான்.

எக்ஸ்இசட் சமயத்தில், நான் பயன்படுத்தும் லினக்ஸ் வெளியீட்டின் பாதுகாப்பு ஓடையில் ஒரே ஒரு பதிவு வந்தது. எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, அவ்வளவுதான். மீம் இல்லை, கூப்பாடு இல்லை. உருப்படியாக வேலைக்கு உதவியது அதுதான்.

குறைகளை மறைக்கவில்லை. பெரிய செய்தித் தளங்களை ஓடையில் சேர்த்தால் மூழ்கிப்போவீர்கள். ஒரே அறிக்கையை ஒன்பது தளங்கள் ஒன்பது தலைப்பில் திருப்பி எழுதியிருப்பது ஓடையில் பச்சையாகத் தெரியும், பார்க்கவே அலுப்பு. எல்கே-99 வாரத்தில் என் ஓடை அப்படித்தான் நாறியது. பல தளங்கள் முதல் இரண்டு வரியை மட்டும் கொடுத்துவிட்டு வாசலுக்கு வரச்சொல்லும். இன்னொரு குறை பெரிது: தெரிந்த கிணற்றிலேயே தண்ணீர் இறைப்போம். புதிய ஆளை ஓடை அறிமுகப்படுத்தாது, அதற்குத் திரட்டிக்குத்தான் போக வேண்டும். படிக்காதவை 1,000+ என்று காட்டும் எண்ணின் குற்றவுணர்ச்சி வேறு. அதற்கு மருந்து எளிது, எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். உலகம் நிற்காது.

ஆனாலும் ஓடைக்கு அடி தெரியும். இன்றைக்கு உள்ளது முடிந்தால் முடிந்தது. டைம்லைனுக்கு அடியே கிடையாது. இன்னொன்று, சந்தாப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் செத்தது என்று எல்லாரும் இரங்கல் எழுதினார்கள். ஆனால் பட்டியலை, வாசிப்பான்கள் எல்லாம் படிக்கும் ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு வாசிப்பானுக்குப் போனவர்களுக்கு எதுவும் தொலையவில்லை. 2023இல் ரெடிட், வெளிச் செயலிகள் தன்னிடமிருந்து பதிவுகளை எடுக்க வைத்திருந்த ஏபிஐ என்ற வழிக்குக் கட்டணம் விதித்தபோது, ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ போன்ற செயலிகள் கடையைச் சாத்தின, ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்து எதிர்ப்புக் காட்டின. அங்கே மூட்டை கட்ட யாரிடமும் மூட்டையே இல்லை.

என் ஏற்பாடு இப்படி. காலையில் ஓடை. மதியம் திரட்டி, அதுவும் பின்னூட்டங்களுக்காக. மடல்கள் மூன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு. டைம்லைன் கைப்பேசியில் இல்லை, கணினியில் மட்டும். சிரிக்கத் தோன்றினால் போவேன், திரும்பிவரும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும்.

போன மாதம் ஓடையில் ஒரு வலைப்பதிவு திடீரென்று தடித்த எழுத்தில் வந்து நின்றது. பழைய கணினிகளின் விசைப்பலகைகளைக் கழற்றிப் பூட்டுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், ஆறு வருடமாகச் சத்தமே இல்லை. டைம்லைன் அவரை எப்போதோ மறந்திருக்கும். என் வாசிப்பான் மட்டும் இத்தனை நாளும் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆவலோடு திறந்தேன். தலைப்பு "சோதனை". உள்ளே ஒரே வரி: சர்வரை மாற்றியிருக்கிறாராம், ஓடை வேலை செய்கிறதா என்று பார்க்கிறாராம்.