தீராத வல்வா வலி: மகளிர் மருத்துவரா, இடுப்புத்தள பிசியோதெரபிஸ்டா?

பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியான வல்வாவில் 3 மாதமாவது எரிச்சலோ வலியோ நீடித்து, தெளிவான காரணம் பிடிபடவில்லை என்றால் அதை வல்வோடினியா என்கிறார்கள். பிடிபடவில்லை என்று சொல்ல, யாராவது முதலில் ஒழுங்காகத் தேடியிருக்க வேண்டும் அல்லவா? அதனால் முதல் வாசல் மகளிர் மருத்துவர்தான்.

பூஞ்சைத் தொற்று, ஹெர்பிஸ், லைக்கன் ஸ்க்லிரோசஸ் போன்ற தோல் நோய், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். விஷயம் தெரிந்தவர், ஈரமான பஞ்சுக்குச்சியால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பார். சோதிக்காமலே நான்காவது முறையும் பூஞ்சை மாத்திரை எழுதுபவரிடமிருந்து கிளம்பிவிடலாம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பவரிடமிருந்தும்தான்.

பிசியோதெரபிஸ்ட் தொற்றைக் கண்டுபிடிக்க மாட்டார். அது அவர் வேலை இல்லை. ஆனால் சோதனைகள் எல்லாம் சரி, உட்கார்ந்தால் வலி, உறவின்போது வலி என்றால் இடுப்புத்தளத் தசைகள், அதாவது கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள், இறுகிக் கிடக்கலாம். அவற்றைத் தளர்த்தக் கற்றுத்தருவது இவர்தான். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பிரசவத்துக்குப் பின் சொல்லித்தரும் கீகல் பயிற்சி தசையை இறுக்குவது. ஏற்கெனவே இறுகியிருப்பவருக்கு வலியைக் கூட்டக்கூடும். மூட்டுவலி மட்டும் பார்க்கும் பிசியோவிடம் போய்ப் பயனில்லை. இடுப்புத்தளப் பயிற்சி பெற்றவரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் பிசியோ காத்திருக்கட்டும். துளி திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படலாம்.