ஒவ்வொரு இரவும் பச்சை டிக், உள்ளே வெறும் 20 பைட்: கன்டெய்னர் பேக்அப் வாங்குவோர் கவனத்திற்கு

ஹோம் சர்வரில் டாக்கர் (ஆப்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போட்டு நெக்ஸ்ட்கிளவுட் (ஃபைல் சேமிப்பு), இம்மிச் (ஃபோட்டோ சேமிப்பு) போன்றவற்றை ஓட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த சந்தாவைக் கட்டுங்கள். "டேட்டாபேஸோடு சேர்த்து முழு பேக்அப்" என்று விற்கப்படும் ஒரு ரெடிமேட் பேக்அப் கன்டெய்னர், டிஸ்க் போன பிறகு கையை விரித்துவிட்டது. டாஷ்போர்டில் எல்லா இரவுக்கும் பச்சை டிக். டம்ப் ஃபைல்களும் (டேட்டாபேஸிலிருந்து எடுத்த நகல்கள்) தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொன்றும் 20 பைட்.

ஒன்றுமே இல்லாததை ஜிஸிப் என்ற சுருக்கும் கருவிக்குள் அனுப்பினால் வரும் அளவு அது. அந்தக் கன்டெய்னருக்குள் இருந்த பிஜி_டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து டம்ப் எடுக்கும் கருவி) பதிப்பு 15. போஸ்ட்கிரெஸ் சர்வரோ 16. தன்னைவிடப் புதிய மேஜர் பதிப்பை டம்ப் எடுக்க பிஜி_டம்ப் மறுத்து, பிழையோடு நின்றுவிடும். அதில் தவறில்லை. தவறு அவர்களுடைய ஸ்கிரிப்டில். டம்ப்பை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் இணைப்பு) வழியாக ஜிஸிப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். பைப்பில் கடைசிக் கட்டளை ஜெயித்தால் மொத்தமும் ஜெயித்ததாகவே ஷெல் எடுத்துக்கொள்ளும். பைப்ஃபெயில் என்ற ஒற்றை அமைப்பு இருந்திருந்தால் முதல் இரவே சிவப்பு காட்டியிருக்கும். 30 நாளுக்கு முந்தையதை அழிக்கும் விதியும் இருந்ததால், பழைய நல்ல டம்ப்புகளும் போய்விட்டன.

"ஃபைல் ஸ்டோரேஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்கள் பொறுப்பு முடிந்தது" என்பதுதான் சப்போர்ட் தந்த பதில். டேட்டாபேஸ் பேக்அப் என்று காசு வாங்கிவிட்டு இப்படிச் சொல்வது ஏமாற்று வேலை.

வால்யூம் (கன்டெய்னரின் டேட்டா இருக்கும் இடம்) காப்பி இருந்ததே என்றால், அதுவும் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தது. ஒவ்வொரு ஃபைலும் வெவ்வேறு நொடியின் நிலை. அதை நம்ப முடியாது. எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸிலும் இதே ஆபத்து உண்டு: கூடவே இருக்கும் டபிள்யூஏஎல் ஃபைலை (புதிதாக எழுதுபவை முதலில் சேரும் ஃபைல்) விட்டுவிட்டால் கடைசியாக எழுதியவை காணாமல் போகும்.

எந்தச் சேவையானாலும், ட்ரயல் காலத்திலேயே ரீஸ்டோர் செய்து பாருங்கள். காலியான ஒரு விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) டாக்கரை மட்டும் நிறுவி, பேக்அப்பில் இருப்பதை மட்டும் கொண்டு எழுப்ப வேண்டும். பழைய சர்வரிலிருந்து ஒரு ஃபைல் எடுக்கத் தோன்றினாலும், அந்த ஃபைல் பேக்அப்பில் விடுபட்டிருக்கிறது என்றே அர்த்தம். பெரும்பாலும் அது என்வ் ஃபைலாகவோ (ஆப்பின் அமைப்புகளும் பாஸ்வேர்டுகளும் இருக்கும் ஃபைல்), என்கிரிப்ஷன் கீயாகவோ இருக்கும். கன்டெய்னர்களை வரையறுக்கும் காம்போஸ் ஃபைலில் நெட்வொர்க்கை இன்டர்னல் (வெளித் தொடர்பு இல்லாதது) என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனை நகல் உண்மையான மெயில்களை அனுப்பத் தொடங்கும்.

முதலில் டேட்டாபேஸ் கன்டெய்னரை மட்டும் கிளப்பி, டம்ப்பை ஏற்றி, பிறகு ஆப்பைக் கிளப்புங்கள். வரிசை மாறினால் ஆப் காலி டேபிள்களை உருவாக்கிவிடும், டம்ப் மோதும். பிஜி_டம்ப் யூசர் ரோல்களை எடுக்காது, பிஜி_டம்ப்ஆல் எடுக்கும். இமேஜும் (கன்டெய்னரை உருவாக்கும் மூல நகல்) அதே டேக்கில் (பதிப்புக் குறியில்) இருக்க வேண்டும்: இம்மிச்சுக்கு வெக்டர் எக்ஸ்டென்ஷன் இல்லாத சாதா போஸ்ட்கிரெஸ் போதாது. டெபியன் லினக்ஸ் இமேஜில் போஸ்ட்கிரெஸ் யூஐடி (யூசர் எண்) 999, ஆல்பைன் லினக்ஸ் இமேஜில் 70. மாற்றிப் போட்டால் பெர்மிஷன் பிழை வரக்கூடும்.

ஃபோல்டர் பெயரை மாற்றி வைத்தால் காம்போஸ் புராஜெக்ட் பெயரும் மாறும், அதை முன்னொட்டாகக் கொண்ட வால்யூம் பெயரும் மாறும். அப்போது "அட்மின் கணக்கை உருவாக்கு" என்ற பக்கம் வந்து நிற்கும். டேட்டா போய்விடவில்லை; புது வால்யூம் காலியாகத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். பதற்றத்தில் வால்யூமை அழிக்கும் ஆப்ஷனோடு காம்போஸ் டவுன் கொடுத்துவிடாதீர்கள்.

லாகின் பக்கம் வந்ததோடு நிறுத்தக் கூடாது. பழைய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள், முக்கிய டேபிள்களின் வரி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ரெஸ்டிக் என்ற பேக்அப் கருவியைப் பயன்படுத்தினால் வெறும் செக் கட்டளை டேட்டாவை முழுதாகப் படிக்காது, ரீட்-டேட்டா ஆப்ஷனும் வேண்டும். அதன் பாஸ்வேர்டு அதே சர்வரில் ஓடும் வால்ட்வார்டன் பாஸ்வேர்டு மேனேஜரில் மட்டும் இருந்தால், சர்வர் போகும்போது அதுவும் போய்விடும். காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

சேவை விற்பவரிடம் கேட்க வேண்டியவை: உள்ளே இருக்கும் பிஜி_டம்ப் எந்தப் பதிப்பு? டம்ப் தோற்றால் அறிவிப்பு வருமா? அளவு திடீரெனச் சரிந்தால் பழையதை அழிப்பது நிற்குமா? எழுத்தில் பதில் தராதவருக்குப் பணம் கட்டாதீர்கள்.