நிக்கல் ஒவ்வாமைக்குத் தோடு: 22 காரட் தங்கமா, டைட்டானியமா?

கவரிங் தோடு போட்ட ஓரிரு நாளில் காது மடல் சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொள்கிறதா? பெரும்பாலும் காரணம் நிக்கல். இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். தோட்டை மாற்றியே ஆக வேண்டும்.

பாதுகாப்பு
தங்கம்: 916 முத்திரை என்றால் 91.6 சதவீதம் பொன். மீதி வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். ஆனால் திருகாணியைத் திருப்பிப் பாருங்கள். அது மட்டும் முலாம் பூசிய வேறு உலோகமாக இருந்தால் காதின் பின்புறம் புண்ணாகும். வெள்ளைத் தங்கத்தில் வெண்மைக்காகவே நிக்கல் சேர்ப்பதுண்டு, விசாரிக்காமல் வாங்காதீர்கள்.
டைட்டானியம்: உடலுக்குள் பொருத்தும் தரத்தில் வாங்கினால் கவலையில்லை.

விலை
தங்கம்: கையைக் கடிக்கும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம்.
டைட்டானியம்: மலிவு, விற்றால் காசு தேறாது.

உழைப்பு
தங்கம்: மென்மையானது, மரை தேயும்; ஆசாரி சரிசெய்துவிடுவார்.
டைட்டானியம்: வியர்வைக்கு அசையாது. அதே அளவுத் தங்கத்தின் கால் பங்கு எடைதான். உடைந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.

புதிதாகக் காது குத்துபவர்களுக்கும் புண் ஆறாதவர்களுக்கும் டைட்டானியத்தையே சொல்வேன். ஆறிய காதுக்கு, சேமிப்பாகவும் இருக்கட்டும் என்பவர்களுக்குத் தங்கம். திருகாணியும் 22 காரட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று நீட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள்: 316எல் வகையில் 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல் இருக்கிறது.