நட்டதற்குப் பணமா, வெட்டாமல் விட்டதற்குப் பணமா?

மேற்கு உகாண்டாவில் ஹொய்மா, கிபாலே பக்கம் பல சிறு விவசாயிகளுக்கு வயலை ஒட்டிச் சொந்தமாகக் கொஞ்சம் காடும் உண்டு. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் அதில் இரண்டு மரம் போகும், பலகைக்கோ கரி மூட்டத்துக்கோ. இப்படிப்பட்டவர் கையில் கார்பன் பெயரில் பணம் சேர்க்க அந்த நாட்டில் இரண்டு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று, மரம் நடுவது. ஈகோடிரஸ்ட் அமைப்பு 2003-இல் தொடங்கிய ‘ட்ரீஸ் ஃபார் குளோபல் பெனிஃபிட்ஸ்’ திட்டம் இது. நட்ட மரங்கள் இனிமேல் இழுக்கப்போகும் கரியமில வாயுவை இப்போதே, தாங்கள் விடும் புகைக்கு ஈடு காட்ட விரும்பும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை ஐந்து தவணையாக வரும்: நடும்போது 30 சதவீதம், 1-ஆம் ஆண்டில் 20, 3-ஆம் ஆண்டில் 20, 5-ஆம் ஆண்டில் 10, 10-ஆம் ஆண்டில் 20. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் ஆள் வந்து கன்றுகளைப் பார்ப்பார். கரையான் அரித்தோ மழை பொய்த்தோ பட்டுப்போனவற்றுக்கு ஈடாக வேறு நட்டாக வேண்டும். ஆரம்பத்தில் இடையில் பீன்ஸ் போடலாம். நிழல் கட்டிவிட்டால் அதுவும் போச்சு. சரியாக அந்த நேரம் பார்த்துத் தவணை 10 சதவீதமாகச் சுருங்குகிறது, அப்புறம் ஐந்து வருடம் சல்லிக்காசு கிடையாது. மரத்தின் வளர்ச்சியைப் பார்த்துத்தான் அட்டவணை போட்டிருக்கிறார்கள், விவசாயி வீட்டு அடுப்பைப் பார்த்து அல்ல.

இன்னொன்று, நிற்கும் காட்டை வெட்டாமல் விடுவது. 2011 முதல் 2013 வரை 121 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் வந்த 60 கிராமங்களில் மட்டும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 ஷில்லிங் (அன்று ஏறக்குறைய 28 டாலர்) தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கிராமங்களில் மரப்பரப்பு 4.2 சதவீதம் குறைந்தது, மற்றவற்றில் 9.1 சதவீதம். இத்தனைக்கும் சேர்ந்தவர்கள் காட்டுச் சொந்தக்காரர்களில் 32 சதவீதம் பேர்தான். இங்கே விட்டுவிட்டுப் பக்கத்துக் காட்டில் போய் வெட்டியதற்கும் தடயம் இல்லை. கரியமில வாயு வெளியேறுவது தள்ளிப்போனதால் கிடைத்த பலன் செலவைப் போல 2.4 மடங்கு என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

காடு வைத்திருப்பவருக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே. விளைநிலத்தில் கை வைக்க வேண்டாம், பணமும் வருடா வருடம் வருகிறது. அதன் ஓட்டை வேறு இடத்தில்: அது மானியத்தில் ஓடியது, சந்தையில் அல்ல, இரண்டே வருடத்தில் முடிந்தும் போனது. நட்ட மரத்தை எண்ணிக் காட்டலாம். வெட்டாத மரத்தை, ‘வெட்டியிருப்பார்’ என்று நிரூபித்துத்தான் விற்க முடியும்.

காடே இல்லாதவருக்கு நடுவது ஒன்றுதான் வழி. இருப்பது ஒரே ஏக்கர் என்றால் அவர் வரப்போரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாழைத் தோட்டத்தை மாற்றி நட்டால், ஆறாம் வருடம் அரிசி பருப்புக்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.