"ஆபரேஷன் முடிந்த முயல்" என்று நம்பி 6,500 கொடுத்தேன், ஏமாந்தேன்

எனக்கு முயல் கொடுத்தவர்கள் நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். போனது 6,500.

முயல், கினிப் பன்றி, வெள்ளெலி மாதிரி சின்னப் பிராணிகளை மீட்டு வீடு தேடித் தரும் தன்னார்வக் குழு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமூக ஊடகப் பக்கம் அது. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி முயல், இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் முடிந்தது, பிரிக்காமல் தருவோம் என்று போட்டிருந்தார்கள். நான் தேடியதே அதுதான். ஆபரேஷன் செய்யாத பெண் முயலுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். ஆபரேஷன் செலவுக்கு மட்டும் 6,500 கொடுங்கள், எங்களுக்கு லாபம் எதுவும் இல்லை என்றார்கள்.

நான் விழுந்த இடம் எது தெரியுமா? அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் போனில் என்னைக் கேட்ட கேள்விகள். தினமும் எத்தனை மணி நேரம் கூண்டுக்கு வெளியே விடுவீர்கள், உலர்ந்த புல் எப்போதும் இருக்குமா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், முயலுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் உண்டா. முக்கால் மணி நேரம் பரீட்சை எழுதுவது போலப் பதில் சொன்னேன். "சரி, உங்களுக்குத் தரலாம்" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அக்கறையாகக் கேட்பவர் பொய் சொல்வார் என்று எப்படித் தோன்றும்? நான் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை. முயலை நேரில் பார்ப்பதற்கு முன்பே 6,500-ஐயும் அனுப்பினேன். ஆபரேஷன் சீட்டு என்று ஒரு போட்டோ வந்தது. டாக்டர் பெயர் மங்கலாக இருந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முயல்கள் வீட்டுக்கு வந்து 24-வது நாள் காலையில் பெண் முயல் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மூலையில் குவித்துக்கொண்டிருந்தது. தோல் நோய் என்று பயந்தேன். இரவு பார்த்தால் அந்த முடிக்குள் நான்கு குட்டிகள், முடியே இல்லாமல், கண் திறக்காமல். ஒன்று அசையவே இல்லை.

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "வேறு ஆண் முயலோடு விட்டிருப்பீர்கள்" என்றார். என் வீட்டில் வேறு முயலே கிடையாது. அப்புறம், "ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரம் ஆண் முயலால் சினை பிடிக்கும், அதற்கு நாங்கள் என்ன செய்ய?" அது உண்மைதான். ஆனால் பெண்ணுக்கும் ஆபரேஷன் ஆனது என்றீர்களே என்றதும், வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டார். அடுத்த நாள், "சேவை செய்கிறவர்களிடம் கணக்குக் கேட்காதீர்கள்" என்று ஒரு மெசேஜ். அதற்குப் பிறகு எதற்கும் பதில் இல்லை.

டாக்டரிடம் கொண்டுபோனேன். ஆண் முயலைத் திருப்பிப் பார்த்தார், விதைகள் அப்படியே இருந்தன. பெண்ணின் வயிற்றில் ஆபரேஷன் தழும்பே இல்லை. முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள். என்னிடம் வந்து 24 நாள்தான். சினையாக இருந்ததைத்தான் என் கையில் கொடுத்திருக்கிறார்கள்! குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடித்துவிடும், ஆணை இப்போதே தனியாக வையுங்கள் என்றார். இரண்டுக்கும் ஆபரேஷன் செலவு இனி என் தலையில்தான். இதை எல்லாம் எழுதி 6,500-ஐத் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில்தான் நேற்றைய பிளாக்.

சொந்தக் காசைப் போட்டு, ராத்திரி கண்விழித்து இந்த ஜீவன்களைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் நியாயமாகச் செலவுப் பணம் கேட்டாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும். பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சீட்டில் இருக்கும் டாக்டருக்கு நீங்களே போன் செய்யுங்கள். நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வளர்ந்த ஆண் முயல் என்றால் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தாய் முயல் ஒரு நாளில் ஓரிரு முறை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்குமாம். குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் குடித்திருக்கிறது என்று அர்த்தம் என்றார் டாக்டர். இன்று காலை மூன்று குட்டிகளுக்கும் வயிறு உருண்டையாக இருந்தது.